சாட்ஸ்வொர்த் மாளிகைக்கு ஒரு நாள்: வீடா, தோட்டமா?

வைகைக்கரை:
ஊரிலிருந்து அப்பா, அம்மா வருகிறார்கள். லண்டனைப் போன முறையே சுற்றிக் காட்டியாகிவிட்டது. இப்போது நாங்கள் இருப்பது நாட்டிங்காம் என்பதால், பக்கத்து டெர்பிஷயரில் ஒரு பெரிய பிரபு மாளிகைக்குக் கூட்டிப் போகலாம் என்று யோசனை. எல்லோரும் சாட்ஸ்வொர்த் என்கிறார்கள். டிக்கெட் விலையைப் பார்த்தால் தயக்கமாக இருக்கிறது. அப்பா சின்னமனூர்ப் பக்கம் வாழை விவசாயி. ஓவியம், பீங்கான் பாத்திரமெல்லாம் காட்டினால் ஐந்து நிமிடத்தில் "டீ எங்கே கிடைக்கும்" என்பார். அம்மாவுக்கு முழங்கால் வலி. வீடும் தோட்டமும் சேர்த்து டிக்கெட் எடுப்பதா, தோட்டம் மட்டும் போதுமா? எங்களிடம் பழைய மாளிகைகளைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் உறுப்பினர் அட்டை இருக்கிறது. அது அங்கே செல்லுமா?

ஷெஃபீல்டு செல்வம்:
செல்லாது. சாட்ஸ்வொர்த் நேஷனல் டிரஸ்டுடையது அல்ல. டெவன்ஷயர் டியூக் குடும்பம் இன்றும் அங்கேதான் வசிக்கிறது. வீட்டையும் தோட்டத்தையும் பராமரிப்பது 1981இல் அமைத்த ஓர் அறக்கட்டளை. டிக்கெட் காசு அதற்குத்தான் போகும்.

என் கருத்து: தோட்டத்துக்கு நாளின் முக்கால் பங்கைக் கொடுங்கள். வீட்டை ஒன்றரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். காலையில் வீட்டுக்குள் நுழைந்து ஒவ்வொரு அறைப் பலகையையும் படித்து, மதியம் களைத்து வெளியே வந்து, நீரூற்றுக்கு முன்னால் ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். இந்த மாதிரி பெரிய வீடுகள் இங்கிலாந்தில் வேறு பல இருக்கின்றன. இந்தத் தோட்டம் மாதிரி இன்னொன்று கிடைப்பது கஷ்டம்.

கல்லணை:
செல்வம் அண்ணா சொல்வது சரி. தொழிலால் நான் நீர்ப்பொறியாளன், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குத் தெற்கே ஒரு நீண்ட குளம் இருக்கிறது. அதிலிருந்து எழும் நீர்த்தாரைக்கு எம்பரர் ஃபவுண்டன் என்று பெயர். முழு வேகத்தில் 296 அடி, அதாவது சுமார் 90 மீட்டர் வரை எழுந்ததாகப் பதிவு உண்டு. பம்பு கிடையாது, மோட்டாரும் கிடையாது. பின்னால் இருக்கும் குன்றின் மேல், குளத்தைவிட சுமார் 350 அடி உயரத்தில், இதற்கென்றே ஓர் ஏரி வெட்டினார்கள். பரப்பு எட்டு ஏக்கர். அங்கிருந்து குழாய் இறங்குகிறது. கீழே வால்வைத் திறந்தால் உயர வித்தியாசமே தண்ணீரைத் தூக்கிவிடும். குழாய் உராய்விலும் காற்றிலும் போனது போக 296 அடி எழுகிறதென்றால் குழாய் அமைப்பு எவ்வளவு நேர்த்தியாக இருக்க வேண்டும், யோசித்துப் பாருங்கள்.

இதைச் செய்தவர் ஜோசப் பாக்ஸ்டன். ஆறாவது டியூக்கின் தலைமைத் தோட்டக்காரர். பொறியியல் கல்லூரிப் பக்கமே போகாதவர். ரஷ்யச் சக்கரவர்த்தி முதலாம் நிக்கோலஸ் 1844இல் இங்கிலாந்துக்கு வருகிறார், சாட்ஸ்வொர்த்துக்கும் வருவார் என்று டியூக் எதிர்பார்த்தார். அதற்காக இரவிலும் விளக்கு வைத்துக்கொண்டு வேலை பார்த்து ஆறு மாதத்தில் முடித்தார்கள். சக்கரவர்த்தி இங்கிலாந்துக்கு வந்தார், சாட்ஸ்வொர்த்துக்கு வரவில்லை. பெயர் மட்டும் அவருடையதாகவே நின்றுவிட்டது.

இதே மலைத் தண்ணீரை வைத்து 1893இல் டர்பைன் ஓட்டி வீட்டுக்கு மின்சாரமும் எடுத்தார்கள்.

ஒன்று மட்டும்: மேலே ஏரியில் தண்ணீர் குறைந்தால் கீழே உயரமும் குறையும். வறண்ட கோடையில் நிறுத்தியும் வைப்பார்கள். கிளம்புவதற்கு முன் அவர்கள் தளத்தைப் பார்த்துவிடுங்கள்.

மாம்பழச்சாலை:
வராத விருந்தாளிக்காகக் கட்டுவது அந்தக் குடும்பத்துக்குப் பழக்கம் போல. வீட்டின் மாடியில் இருக்கும் அரச அறைகளும் அப்படித்தான். முதலாம் டியூக் 1680களின் கடைசியில் பழைய வீட்டை இடித்துக் கட்ட ஆரம்பித்தபோது, மூன்றாம் வில்லியம் மன்னரும் மேரி அரசியும் வந்து தங்குவார்கள் என்றுதான் அந்த வரிசையை அமைத்தார். அவர்களும் வரவே இல்லை. :)

வரப்போரம்:
நல்ல மனநிலையைக் கெடுப்பதற்கு மன்னிக்கவும். ஒரு குடும்பம் நூற்றுக்கணக்கான அறைகளோடு வாழ்ந்ததைப் பார்க்க நாம் ஏன் காசு கொடுக்க வேண்டும்? அந்தக் காசெல்லாம் எங்கிருந்து வந்தது? நம் ஊரிலிருந்து அள்ளிக்கொண்டு வந்ததுதானே?

ஷெஃபீல்டு செல்வம்:
கேள்வி நியாயமானது. ஆனால் இந்த வீட்டுக்கு அந்தப் பதில் சரியாக வராது. டியூக்கின் குடும்பப் பெயர் கேவண்டிஷ். அவர்களின் ஆரம்பச் சொத்து எட்டாம் ஹென்றி மடாலயங்களைக் கலைத்தபோது சேர்ந்தது. அந்த வேலையைச் செய்த அதிகாரிகளில் வில்லியம் கேவண்டிஷ் ஒருவர். அவரும் மனைவி பெஸ்ஸும் 1549இல் இந்த இடத்தை வாங்கினார்கள். பெஸ் நான்கு முறை மணம் செய்தவர், ஒவ்வொரு முறையும் சொத்து பெருகியது. பிறகு நிலக் குத்தகை, ஈயச் சுரங்கம், அயர்லாந்தில் பெரிய எஸ்டேட். பதினெட்டாம் நூற்றாண்டில் எக்டன் தாமிரச் சுரங்கம் கொட்டிக் கொடுத்தது. அதாவது ஆங்கிலேயக் குத்தகைதாரர், சுரங்கத் தொழிலாளி, அயர்லாந்து விவசாயி ஆகியோரின் உழைப்பு.

வரப்போரம்:
அப்படியானால் யாருடைய ரத்தம் என்பதுதான் வேறு. என் கேள்வி அப்படியே நிற்கிறது.

ஷெஃபீல்டு செல்வம்:
நிற்கட்டும், நான் மறுக்கவில்லை. ஆனால் பதில் தெரிய வேண்டுமென்றாலும் அங்கே போய்த்தான் பார்க்க வேண்டும். வீட்டுக்கு எதிரே விரிந்து கிடக்கும் புல்வெளியைப் பார்த்து "ஆஹா, என்ன இயற்கை" என்போம். அது இயற்கை இல்லை. 1760கள் வாக்கில் கேப்பபிலிட்டி பிரவுன் என்ற நிலக்காட்சி வடிவமைப்பாளர் வந்து பழைய கட்டம் கட்டமான தோட்டங்களை அழித்து, ஆற்றங்கரையைத் திருத்தி, மரங்களை அங்கங்கே நட்டு அமைத்த காட்சி. வீட்டிலிருந்து பார்த்தால் ஒரு கூரைகூடக் கண்ணில் படக் கூடாது என்பது ஏற்பாடு. அங்கே ஈடன்சர் என்ற கிராமமே இருந்தது. கண்ணில் பட்ட வீடுகளை முதலில் எடுத்தார்கள். மீதியை ஆறாவது டியூக் 1838இலிருந்து மேட்டுக்கு அப்பால் புதிதாகக் கட்டினார். ஒரே ஒரு பழைய வீடு மட்டும் சாலைக்கு இந்தப் பக்கம் தனியாக நிற்கிறது. அந்த வீட்டைப் பார்த்தாலே உங்கள் கேள்வி ஞாபகம் வரும்.

கொழும்புத்துறை:
இந்தியத் தொடர்புதான் வேண்டுமென்றால் கெடில்ஸ்டன் ஹாலுக்குப் போங்கள். டெர்பிக்குப் பக்கத்தில், நாட்டிங்காமிலிருந்து சாட்ஸ்வொர்த்தை விடக் கிட்ட. அங்கே உங்கள் நேஷனல் டிரஸ்ட் அட்டை செல்லும், டிக்கெட் பிரச்சினையே இல்லை.

ராபர்ட் ஆடம் என்ற கட்டடக் கலைஞருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த வீடு அது. நுழைந்தவுடன் இருபது அலபாஸ்டர் தூண்கள் நிற்கும் மண்டபம். அதைத் தாண்டினால் ரோமின் பாந்தியன் மாதிரியில் ஒரு வட்ட மண்டபம். 1803இல் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி கல்கத்தாவில் கட்டி முடித்த அரசு மாளிகை, பின்னாளில் ராஜ்பவன் என்று பெயர் பெற்றது, இந்த வீட்டின் வரைபடத்தை மாதிரியாக வைத்துத்தான் எழுந்தது. கெடில்ஸ்டனில் நான்கு பக்கக் கட்டடங்கள் திட்டமிட்டு இரண்டுதான் கட்டினார்கள். கல்கத்தாவில் நான்கும் உண்டு. நூறு ஆண்டு கழித்து இந்த வீட்டில் பிறந்த ஜார்ஜ் கர்சனே வைஸ்ராயாகி அந்த நகலில் குடியேறினார். 1905இல் வங்கத்தைப் பிரித்த அதே கர்சன்.

கீழ்த்தளத்தில் அவர் ஆசியாவிலிருந்து கொண்டுவந்த பொருட்களின் காட்சிக்கூடம். 1903 டெல்லி தர்பாருக்கு அவர் மனைவி மேரி உடுத்திய மயில் உடையும் இந்த வீட்டில்தான். துணியில் ஜரிகை வேலை செய்தவர்கள் இந்தியக் கைவினைஞர்கள், தைத்தது பாரிஸில் வொர்த் நிறுவனம். மயில் தோகைக் கண் ஒவ்வொன்றிலும் பச்சை மின்னுவது வண்டின் சிறகு. உடைக்குச் சொந்தக்காரியின் பெயர் எல்லோருக்கும் தெரியும், ஊசி பிடித்தவர்களின் பெயர் ஒருவருக்கும் தெரியாது. அதை நினைத்துக்கொண்டுதான் அங்கே நின்றேன்.

மாம்பழச்சாலை:
கர்சனைப் பற்றி இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தியாவில் 1904ஆம் ஆண்டுப் பழஞ்சின்னப் பாதுகாப்புச் சட்டம் அவர் காலத்தில் வந்தது. திரும்பி வந்தபின் டாட்டர்ஷால், போடியம் கோட்டைகளைச் சொந்தக் காசில் வாங்கிச் சீராக்கி நேஷனல் டிரஸ்டுக்கு எழுதி வைத்தார். மனிதர் முழுக்க ஒரே நிறம் இல்லை.

வரப்போரம்:
இந்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்லிச் சொல்லியே மீதியை மறக்கடிப்பார்கள்.

கல்லணை:
தென்னிந்தியத் தொடர்பு என்றால் போவிஸ் கோட்டை. திப்புவின் கூடாரம் அங்கேதான். ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது சென்னை கவர்னராக இருந்த எட்வர்ட் கிளைவ் குடும்பத்தின் கோட்டை. ஆனால் அது வேல்ஸ், நாட்டிங்காமிலிருந்து ஒரே நாளில் போய்வருவது அம்மாவின் முழங்காலுக்கு ஆகாது.

தோட்டத்து மல்லிகா:
எல்லோரும் கர்சன், கிளைவ் என்று போய்விட்டீர்கள். வைகைக்கரை, உங்கள் அப்பா வாழை விவசாயி என்றீர்களே, இன்னும் யாரும் அதைச் சொல்லவில்லையா? உலகம் முழுக்கச் சந்தையில் விற்கும் கேவண்டிஷ் வாழைக்கு அந்தப் பெயர் வந்ததே சாட்ஸ்வொர்த்தில்தான்!

பாக்ஸ்டன் 1830 வாக்கில் மொரீஷியஸ் வழியாக வந்த ஒரு வாழைக் கன்றை வாங்கி டியூக்கின் கண்ணாடிக்குடிலில் வைத்தார். தாயகம் தென்சீனம். குட்டை ரகம், கூரைக்கு அடங்கியது. நல்ல மண், தாராளமான தண்ணீர், நீராவிச் சூடு. 1835 நவம்பரில் பூத்தது, அடுத்த மே மாதத்துக்குள் நூறு காய்க்கு மேல். லண்டன் தோட்டக்கலைச் சங்கத்தின் கண்காட்சியில் பதக்கம். டியூக்கின் குடும்பப் பெயரை வைத்து மூசா கேவண்டிஷி என்று பெயரிட்டார்கள். பிறகு ஜான் வில்லியம்ஸ் என்ற பாதிரியார் கன்றுகளைச் சமோவாவுக்கு எடுத்துப் போனார், அங்கிருந்து பசிபிக் தீவுகளில் பரவியது. அப்போது ஏற்றுமதிச் சந்தையை ஆண்டது க்ரோ மிஷேல் என்ற வேறு ரகம். பனாமா வாடல் நோய் அதைப் போட்டுத் தள்ளிய பிறகு, 1950, 60களில் கேவண்டிஷ் வகை அந்த இடத்தைப் பிடித்தது. கம்பம் பள்ளத்தாக்கில் இப்போது போடும் ஜி-9, நம் பச்சைப்பழம், ரொபஸ்டா எல்லாம் இந்தக் குழுதான்.

சாட்ஸ்வொர்த் கண்ணாடிக்குடிலில் இன்றும் அந்த வாழையை வளர்க்கிறார்கள். குடில் எல்லா நாளும் பார்வையாளருக்குத் திறந்திருக்காது. தோட்டக்காரர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். அப்பாவை அவரோடு பேசவிட்டு நீங்கள் மொழிபெயர்த்தால் போதும், வீட்டுக்குள் போக வேண்டிய அவசியமே இருக்காது.

ஆற்றுமேடு:
மல்லிகா அக்கா, ஒரு சின்னத் திருத்தம். ஜி-9 எல்லாம் அந்தக் கண்ணாடிக்குடிலின் வாரிசு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இந்தக் குழு ரகங்கள் தென்சீனத்திலிருந்து பல வழிகளில் பல நாடுகளுக்குப் போனவை. சாட்ஸ்வொர்த் கொடுத்தது பெயரை, கூடவே ஒரு முக்கியமான கிளையை.

தோட்டத்து மல்லிகா:
சரிதான். பெயர் என்று மட்டும்தான் நானும் எழுதினேன் தம்பி.

வைகைக்கரை:
அப்பாவிடம் போனில் சொன்னேன். முதல் கேள்வி: "நுனியில் வாடல் வருதான்னு கேளு." டிக்கெட் எடுத்தாகிவிட்டது.

ஷெஃபீல்டு செல்வம்:
எந்த டிக்கெட்?

வைகைக்கரை:
வீடும் தோட்டமும் சேர்த்து. அம்மாவுக்கு வீடும் பார்க்க வேண்டுமாம். அப்படியானால் வீட்டுக்குள் எதை விடக் கூடாது என்று சொல்லுங்கள். படி நிறைய ஏற வேண்டியிருக்குமா?

மாம்பழச்சாலை:
லிஃப்ட் உண்டு. வாசலில் ஊழியரிடம் சொன்னால் வழி காட்டுவார்கள். தோட்டத்துக்குச் சக்கர நாற்காலியோ மின் ஸ்கூட்டரோ வேண்டுமானால் முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது. தோட்டம் 105 ஏக்கர், பாதி மேடு.

வீட்டில் நான் நிற்கும் இடங்கள் மூன்று. ஒன்று, நுழைந்ததும் வரும் பெயிண்டட் ஹால். சுவரும் கூரையும் ஜூலியஸ் சீசர் கதை, லகேர் என்ற ஓவியர் வரைந்தது. இரண்டு, இசை அறையின் உள்கதவில் ஒரு வயலின் தொங்கும். கிட்டே போகும்வரை அது ஓவியம் என்று தெரியாது. அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். மூன்று, கடைசியில் வரும் சிற்பக்கூடம். ஆறாவது டியூக் இத்தாலியச் சிற்பங்களுக்காகவே கட்டியது. ரஃபேல் மோண்டி செதுக்கிய முக்காடிட்ட பெண்ணைப் பார்க்கத்தான் பலரும் வருகிறார்கள். பளிங்கில் மெல்லிய துணிக்குப் பின்னால் முகம் தெரியும். மீதி அறைகளை நடந்துகொண்டே பார்த்தால் போதும். சாப்பாட்டு மேசைகளில் எனக்கு ஆர்வமில்லை.

கொழும்புத்துறை:
அந்த அறைகளில் 1939இலிருந்து 1946 வரை ஒரு பெண்கள் பள்ளிக்கூடம் நடந்தது. பென்ரோஸ் கல்லூரி என்று வேல்ஸிலிருந்து இடம் மாறி வந்தது. ராணுவம் வீட்டை எடுத்துக்கொண்டால் நாசமாகும், பிள்ளைகள் இருந்தால் தப்பிக்கும் என்பது அன்றைய டியூக்கின் கணக்கு. அரச அறைகளெல்லாம் படுக்கைக்கூடம். என் மகளுக்கு இந்தக் கதையைச் சொன்ன பிறகுதான் வீட்டைப் பார்க்கவே மனம் வந்தது.

வரப்போரம்:
சரி, நானும் ஒன்று சொல்கிறேன். வாரிசு வரி பற்றி யாராவது எழுதுவீர்கள் என்று பார்த்தேன். பத்தாவது டியூக் சொத்தை மகன் பெயருக்கு மாற்றினார், ஐந்து ஆண்டு உயிரோடு இருந்தால் வரி இல்லை. 1950 நவம்பரில், கெடு முடியச் சில வாரங்களே இருந்தபோது இறந்தார். 80 சதவீத வரி. நிலம் போயிற்று, ரெம்பிராண்ட், ரூபன்ஸ், ஹோல்பைன் ஓவியங்கள் போயின, பெஸ் கட்டிய ஹார்ட்விக் ஹால் மாளிகையும் அரசிடம் போய் 1959இல் நேஷனல் டிரஸ்டுக்கு வந்தது. அந்த வரி வந்ததால்தான் இன்று நீங்கள் அட்டையைக் காட்டி ஹார்ட்விக்குக்குள் போக முடிகிறது. எனக்கு இந்தக் கதையில் பிடித்த பகுதி இது.

ஷெஃபீல்டு செல்வம்:
இதில் நானும் உங்களோடுதான். ஹார்ட்விக் நாட்டிங்காமுக்கு இன்னும் பக்கம். வைகைக்கரை, அட்டையை வீணாக்காமல் அதையும் இன்னொரு நாள் பார்த்துவிடுங்கள். அதே நாளில் வேண்டாம்.

கல்லணை:
தோட்டத்தில் ஒரு இடம் விட்டுப்போயிற்று. யூ மரப் புதர்களால் ஆன புதிர்ப்பாதை ஒன்று இருக்கிறது. அங்கேதான் பாக்ஸ்டனின் பெரிய கண்ணாடி மாளிகை நின்றது. 277 அடி நீளம், 123 அடி அகலம், 67 அடி உயரம். 1840இல் முடிந்தது. நடுவே குதிரை வண்டி ஓட்டிப் போகலாம். 1843இல் விக்டோரியா மகாராணி அப்படிப் போனார். எட்டு கொதிகலன்கள் எரிந்துகொண்டே இருக்கும். கரி, புகை எதுவும் தோட்டத்தில் தெரியக் கூடாது என்பதற்காக நிலத்தடியில் சுரங்கம் வெட்டித் தண்டவாளத்தில் கரி கொண்டுவந்தார்கள். முதல் உலகப் போரில் கரி இல்லை, செடிகள் செத்தன. 1920இல் வெடி வைத்துத் தகர்த்தார்கள், ஒரே வெடியில் விழவில்லை. இப்போது அடித்தளச் சுவர் மட்டும். அந்தக் கரிச் சுரங்கத்துக்குள் நடந்து போகலாம். குழந்தைகளுக்கு மாளிகையைவிட அதுதான் பிடிக்கிறது.

அதே ஆள் 1849இல் விக்டோரியா என்ற ராட்சத அல்லியை இங்கிலாந்தில் முதன்முதலாகப் பூக்க வைத்தார். இலையின் மேல் மகளை நிற்க வைத்துத் தாங்கும் வலிமையைக் காட்டினார். அவர் வடிவமைத்த 1851 லண்டன் கண்காட்சியின் கண்ணாடி மாளிகையான கிறிஸ்டல் பேலஸில் அந்த இலை நரம்புகளின் கட்டுமானம் உதவியதாக அவரே சொன்னார்.

ஆற்றுமேடு:
அருவிப்படி? அதைச் சொல்லாமல் எப்படி? மலைச்சரிவில் படிப்படியாகத் தண்ணீர் இறங்கும் இடம், 1690களில் க்ரியே என்ற பிரெஞ்சுக்காரர் ஆரம்பித்தது. ஒவ்வொரு தொகுதியிலும் படிகளின் அளவு வேறு, அதனால் விழும் சத்தமும் வேறு. தண்ணீர் விட்டிருந்தால் கோடையில் குழந்தைகள் கால் நனைப்பார்கள்.

கல்லணை:
பழுது பார்க்கத் தண்ணீர் நிறுத்தும் காலமும் உண்டு. அதையும் தளத்தில் பார்த்துவிட்டுப் போங்கள். வில்லோ மர நீரூற்று என்று ஓர் உலோக மரம் இருக்கிறது, கிளைகளிலிருந்து எதிர்பாராமல் தண்ணீர் பீய்ச்சும். பக்கத்தில் நின்று படம் எடுப்பவர்கள் கவனம்.

வைகைக்கரை:
சாப்பாடு? அம்மா புளிச்சோறு கட்டாமல் வர மாட்டார்.

தோட்டத்து மல்லிகா:
தாராளமாகக் கட்டச் சொல்லுங்கள். புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிடத் தடை இல்லை. ஆற்றங்கரைப் பார்க்கில் என்றால் செம்மறி ஆடுகள் பக்கத்தில் வரும், டப்பாவைத் திறந்து வைத்துவிட்டுத் திரும்பாதீர்கள். டிக்கெட் இல்லாமலே நடக்கக்கூடிய பகுதி அது.

குளிர்கால மேகம்:
எனக்குக் கார் இல்லை. ஷெஃபீல்டிலிருந்து பேருந்தில் போக முடியுமா?

ஷெஃபீல்டு செல்வம்:
218ஆம் எண், பேக்வெல் போகும் வண்டி. வழியில் காட்சியும் நன்றாக இருக்கும். மாலையில் திரும்பும் நேரத்தை இறங்கும்போதே நிறுத்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், கடைசி வண்டி நினைப்பதைவிடச் சீக்கிரம் போய்விடும். நேரம் மிச்சமிருந்தால் ஈடன்சர் வரை நடக்கலாம். ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு பாணி. தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் பாக்ஸ்டன் இருக்கிறார். கென்னடியின் தங்கை கேத்லீனும் அங்கேதான், டியூக் வீட்டு மருமகள். 1963 ஜூனில் ஜனாதிபதி கென்னடி அங்கே வந்து போனார்.

குளிர்கால மேகம்:
நன்றி அண்ணா. சனிக்கிழமை போகிறேன். நாயைக் கூட்டிப் போகலாமா?

தோட்டத்து மல்லிகா:
தோட்டத்துக்கும் பார்க்குக்கும் கயிற்றோடு கூட்டிப் போகலாம். வீட்டுக்குள் உதவி நாய்களுக்கு மட்டும்தான் அனுமதி.